உடம்பு விஷயம்

"உடம்பு விஷயமா பேசணும், நேர்ல வர முடியுமா?" என்று அசரியா போனில் கேட்டதும் ஜெனி உடனே கிளம்பினாள். இருவருக்கும் நிச்சயம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான்.

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துக் காபிக் கடையில், அவனை நிமிர்ந்து பார்க்காமல் அவளே ஆரம்பித்தாள்.

"பொண்ணு பார்க்க வர்றீங்கன்னு ரெண்டு மாசம் வெறும் ஜூஸ் குடிச்சு பத்து கிலோ குறைச்சேன். சாப்பிட ஆரம்பிச்சதும் பன்னெண்டு ஏறிடுச்சு. இப்ப பட்டினி கிடந்தாலும் இறங்கல. பிடிக்கலைன்னா சொல்லிடுங்க."

"ஐயோ, நான் என் உடம்பைப் பத்திப் பேசத்தாங்க வந்தேன்."

ஜெனி நிமிர்ந்தாள். அவன் சட்டைப் பொத்தான்கள் தொப்பையில் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தன.

"நானும் பட்டினி கிடந்து இளைச்சுதான் உங்களைப் பார்க்க வந்தேன். எல்லாம் திரும்பிடுச்சு. பட்டினி போட்டா உடம்பு கொஞ்ச சாப்பாட்டுலயே ஓடப் பழகிடுமாம், டாக்டர் சொன்னாங்க. இனிமே நேரத்துக்குச் சாப்பிட்டு, நடந்து, மெதுவாத்தான் குறைக்கணுமாம். ஒரு வருஷமாவது ஆகும். நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்."

பல வாரங்களுக்குப் பிறகு ஜெனி வாய்விட்டுச் சிரித்தாள்.

"கல்யாணத் துணிக்கு டெய்லர்கிட்ட ரெண்டு பேரும் இப்ப இருக்கிற அளவையே கொடுத்துடலாம்" என்றாள். "இளைச்சதும் பிடிச்சுத் தைச்சுக்கலாம்."