விரல் தின்ற ரம்பம்

“இதோ நிக்குதே, இந்த ரம்பம்தான் என் விரலைத் தின்னுச்சு.”

சின்னையா பாதி விரலை உயர்த்திக் காட்டினார். கேரி தீவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்த கூட்டம் ஓரடி பின்வாங்கியது. கிள்ளானில் அந்தப் பழைய நீராவி மர ஆலையைப் புதுப்பித்து மியூசியமாக்கிய நாள் முதல், கொதிகலனைவிட இந்த விரலுக்குத்தான் மவுசு.

விரல் மரத்தூளில் விழுந்து மூன்று நிமிடம் துடித்தது என்றார். கூட்டத்தின் முன்வரிசையில் நின்ற வீரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உண்மையைச் சொன்னால், சின்னையா அந்த ஆலையில் ஒருநாள்கூட வேலை பார்த்ததில்லை. விரல் போனது பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையில், தேங்காய் துருவும் மெஷினில். ஆலையில் வேலை செய்தவர்தான் கைடாக வேண்டும் என்று மேனேஜர் ராதாகிருஷ்ணன் கறாராகச் சொன்னபோது, சின்னையா பாதி விரலை மட்டும் நீட்டினார். அன்றே வேலை கிடைத்துவிட்டது. குட்டு உடைந்தால் அன்றே சீட்டும் கிழியும்.

இன்றைக்குப் பார்த்து ராதாகிருஷ்ணனும் கூட்டத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு பெரியவர் முன்னே வந்தார். பெயர் அய்யாவு என்றார். அவர் வலது கையிலும் பாதி விரலைக் காணோம். சின்னையா தன் விரலைச் சட்டென்று மடக்கிக்கொண்டார். போச்சு, நிஜமான ஆலைக்காரரே வந்துவிட்டார்.

எந்த வருஷம், எந்த நேரம், ரத்தம் எதுவரை தெறித்தது என்று அய்யாவு விடாமல் கேட்டார். சின்னையா வாய்க்கு வந்ததை உளறிக் கொட்டினார். ராதாகிருஷ்ணனின் புருவம் மெல்ல ஏறியது. இவர் சொல்வது சரிதானா என்று அவர் அய்யாவுவிடமே கேட்டுவிட்டார்.

அய்யாவு தன் பாதி விரலைத் தூக்கிக் காட்டினார். “மெஷின் கடிச்ச விரல் எனக்குத் தெரியாதா பாஸ்? இவரோடது அசல்.”

கூட்டம் கைதட்டியது. ராதாகிருஷ்ணன் சின்னையாவின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு ஆபீசுக்குள் போனார்.

போன உயிர் திரும்பி வந்த சின்னையா, எதிர்க் கடையில் பெரியவருக்கு நுரை பொங்கும் தே தாரேக் டீ வாங்கிக் கொடுத்தார். மனசு கேட்கவில்லை. தேங்காய் மெஷின் கதையை ஒன்று விடாமல் சொல்லி, “மன்னிச்சிருங்கண்ணே, உங்களுக்கு நிஜமாவே அந்த ரம்பத்துல போன விரல்...” என்று கையைக் கூப்பினார்.

“எனக்கும் தேங்கா மெஷின்தான்லா, சாலாக் செலாத்தான் பாசார்ல, ஒரு தேங்கா கடையில” என்றார் அய்யாவு, டீயை உறிஞ்சியபடி. “அம்பாங் ஈயச்சுரங்க மியூசியத்துல நானும் கைடுதான் தம்பி. அந்த மூணு நிமிஷம் துடிச்ச கதையை மட்டும் எனக்குக் குடுங்க.”