டீசல் குடித்த தெரு

பக்கக் கண்ணாடியில் மறுபடியும் அதே ஸ்கூட்டர். மூன்று கடையாக வேனின் வாலைப் பிடித்துக்கொண்டே வருகிறது. ஓட்டி வருகிறவர் ஐம்பதைத் தாண்டியவர், கசங்காத சட்டை, பையில் பேனா. ஆபீஸ் அனுப்பிய ஆள்தான், சந்தேகமே இல்லை என்று வேன் டிரைவர் முடிவுகட்டினான்.

பயம் வராதா பின்னே? நேற்றுதான் குடோன் மேனேஜர் எல்லா டிரைவர்களையும் வரிசையாக நிற்கவைத்துக் கத்தியிருந்தார்.

"சோப்பையும் பிஸ்கட்டையும் மளிகைக் கடையில கொண்டுபோய் இறக்குறதுக்குள்ள லாபம் பூரா டீசலுக்கே போயிடுது. எவன் வண்டி அதிகமாக் குடிக்குதோ, அவனுக்கு இனிமே இங்க வேலை கிடையாது!"

அதிகமாகக் குடிப்பது எந்த வண்டி என்பது இவனுக்கு நன்றாகவே தெரியும். மேனேஜருக்குத்தான் இன்னும் தெரியாது.

நான்காவது கடையில் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பினால், அந்த மனுஷர் வேன் ஜன்னலுக்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கிலோமீட்டரைப் பார்க்கிறார்! டிரைவரைக் கண்டதும் ஒன்றுமே நடக்காததுபோல நகர்ந்து போய் ஸ்கூட்டரில் உட்கார்ந்துகொண்டார். என்ன நெஞ்சழுத்தம்!

"யாருக்கா அவரு? உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா?" என்றான் கடைக்கார அக்காவிடம்.

"உன்னைப் பத்தித்தான் தம்பி. குடிப்பானா, கோவம் வருமா, மரியாதையாப் பேசுவானான்னு துருவித் துருவிக் கேட்டாரு."

"எந்த வழியா வர்றேன், எத்தனை மணிக்கு வர்றேன்னு?"

"அதெல்லாம் கேக்கவே இல்லையே."

அதுதான் தந்திரம் என்று டிரைவர் நினைத்தான். எல்லாம் தெரிந்தவர் எதற்குக் கேட்கப் போகிறார்? வேலை போனால் வீட்டு வாடகைக்கு என்ன செய்வது, தங்கச்சி காலேஜ் ஃபீஸுக்கு யார் காலில் போய் விழுவது?

அதற்கு மேல் தாங்கவில்லை. விறுவிறுவென்று போய் ஸ்கூட்டருக்குக் குறுக்கே நின்றான்.

"சார், நானே சொல்லிடறேன். தையல்கடைத் தெரு வழியாத்தான் தினமும் சுத்திப் போறேன். அங்க நமக்குக் கடையே கிடையாது."

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

"அங்க ஒரு பொண்ணு சார்... ஜன்னலோரமா உக்காந்து தைக்கும். நான் ஹாரன்கூட அடிக்க மாட்டேன். அது ஒரு சிரிப்பு சிரிக்கும், நானும் சிரிச்சுட்டு வந்துடுவேன். சத்தியமா வேற ஒண்ணும் இல்ல சார்! டீசல் காசைச் சம்பளத்துல பிடிச்சுக்கங்க. ஆபீஸ்ல சொல்லி வேலைக்கு மட்டும் உலை வெச்சுடாதீங்க."

பெரியவர் ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். இறங்கி வந்து அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த ஆபீஸைச் சொல்றீங்க? நான் அந்தப் பொண்ணோட அப்பா, மாப்பிள்ளை!"