ஊதா வெளிச்சத்தில் ஒரு மாப்பிள்ளை

இருட்டில் முதலில் தெரிந்தது ஒரு வேட்டி. அதற்குள் ஆள் இருப்பதற்கு அடையாளமே இல்லை.

“பயந்துட்டியா?” என்றது வேட்டி. சங்கரபாண்டியின் குரல் அது. ஞானபூரணம் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள்.

சங்கரன்கோவிலில் ஆடித் தபசுக்குப் போட்டிருந்த பொருட்காட்சியில் அந்த ஓவியக் கொட்டகைக்குத்தான் கூட்டம் அதிகம். கறுப்புத் துணியால் அடைத்த உட்புறத்தில் ஊதா நிறக் குழல் விளக்குகள்; அந்த வெளிச்சத்தில் வெள்ளைத் துணி பளிச்சென்று மின்னும். சுவரெங்கும் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் எரியும் பேய் முகங்கள். வருகிறவர் முகத்தையும் ஓவியர் மூக்காண்டி அங்கேயே அப்படி வரைந்து கொடுப்பார்.

ஞானபூரணத்தை அங்கே பெண் பார்க்க அழைத்து வந்திருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்து அமையாமற்போனால் தெருவே பேசும். பொருட்காட்சி என்றால் தற்செயலாகச் சந்தித்ததாகிவிடும்.

“உனக்குப் பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லு மக்கா, அத்தோட விட்டுருதேன்” என்று அப்பா தங்கசாமி தங்கள் ஊரான திருவேங்கடத்தில் பஸ் ஏறும்போதே வாக்குக் கொடுத்திருந்தார்.

மாப்பிள்ளை சங்கரபாண்டிக்கு வாசுதேவநல்லூரில் குளத்துப் பாசன வயல். நகை வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். போன மாதம் அப்பாவும் அவரும் ஒன்றாகத் திருநெல்வேலிக்குப் போய் வந்தார்கள். பத்திர வேலை என்றார் அப்பா.

மாப்பிள்ளைக்கு வயது முப்பத்திரண்டு என்றும் அப்பாதான் சொன்னார். கொட்டகைக்கு வெளியே பார்த்தபோது அப்படித்தான் தோன்றியது: கறுத்த தலை, வரிசை பிசகாத பல்.

“ரெண்டு பேரும் சிரிங்க. சிரிச்சாத்தான் பேய் நல்லா வரும்” என்றார் மூக்காண்டி.

சிரித்தார்கள். தூரிகை ஓய்ந்ததும் அவர் பலகையைத் திருப்பினார்.

ஞானபூரணத்தின் வாயில் பல்வரிசை வெள்ளையாக எரிந்தது. சங்கரபாண்டியின் வாய் இருந்த இடத்தில் வெறும் பள்ளம்.

“ஏன்வே, எம் பல்லெல்லாம் எங்க?”

“கண்ணுக்குத் தெரிஞ்சதைத்தானே வரைய முடியும் அண்ணாச்சி? முளைச்ச பல்லு இந்த வெளிச்சத்துல மின்னும், கட்டுன பல்லு மின்னாது. உங்களுக்கு மேலயும் கீழயும் ஒண்ணுகூட மின்னலையே!”

வரிசையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் பற்கள் எல்லாம் மின்னின. சங்கரபாண்டி வாயை மூடி, மூடிய வாயைத் துண்டாலும் மூடிக்கொண்டார்.

ஞானபூரணம் வெளியே ஓடினாள். சோடாக் கடையருகே நின்ற அப்பாவின் கையைப் பிடித்தபோது, பதற்றத்தைவிட நிம்மதியே அவளுக்கு மிகுதியாக இருந்தது.

“யப்பா, நம்மள நல்லா ஏமாத்திட்டாவ! முப்பத்திரண்டாவது ஒண்ணாவது! வாயில ஒரு பல்லு சொந்தப் பல்லு கிடையாது. எனக்குப் பிடிக்கலைப்பா. வாங்க, ஊருக்குப் போயிருவோம்.”

தங்கசாமி சோடாவை மிச்சமில்லாமல் குடித்தார். பாட்டிலைக் கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

“ஏட்டி, மெல்லப் பேசு. அவருக்குப் பல்லுக் கட்டிக் கூட்டிட்டு வந்ததே நான்தான்.”