மேல் வரியை அமுக்குங்கள்

“நேத்து என் ரெண்டு கண்ணால படிச்ச ஏழாம் அத்தியாயம் இன்னைக்கு இல்லைன்னா, அது எங்கே போகும்? நீயே சொல்லு தம்பி!”

செருப்பைக்கூட இன்னும் கழற்றாத கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் வாசலிலேயே அவள் இப்படிக் கேட்டாள். அவர் நேரே பின்னறைக்குச் சென்று, அலமாரியின் மறைவில் கைவிட்டுச் சுவிட்சைப் போட்டார். வழி கேட்கவில்லை, சுவிட்சைத் தேடவும் இல்லை. தொழில் தெரிந்த ஆள்தான் என்று அவள் மனத்துக்குள் மெச்சிக்கொண்டு டீ போடப் போனாள்.

அவளுடைய கணவர் இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பவர். தண்ணீர்ப் பம்பு ஒன்றின் கையேடு அப்போது அவர் கையில் இருந்தது. கம்ப்யூட்டருக்குப் புது ஹார்ட் டிஸ்க் மாற்றிய நாளிலிருந்து வீட்டில் ஒரே குழப்பம். இன்று தட்டச்சு செய்த பக்கங்கள் மறுநாள் மாயமாகும். பிறகு ஒரு நாள், ஒன்றுமே நடவாததுபோல் வந்து உட்கார்ந்துகொள்ளும். மாலைதோறும் பிழை பார்த்துக் கொடுக்கும் அவளுக்குத் தலை சுற்றியது. கணவரைக் கேட்டாலோ, “நான்தான் மறந்துபோய் அழிச்சிருப்பேன்” என்பார்.

கல்யாணம் ஆன நாள்முதலாய் ஒரு தப்பையும் ஒப்புக்கொள்ளாத மனிதர் இப்படிக் கேட்ட மாத்திரத்தில் ஒப்புக்கொண்டதுதான் அவளைப் பயமுறுத்தியது. மகளிடம் போனில் அழுதாள். இன்று மாலை அவரை மூளை நரம்பு டாக்டரிடம் காட்டுவதென்று முடிவாயிற்று. கணவர் அதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. “நீயும் கூட வருவே இல்ல?” என்று மட்டும் கேட்டார். குற்றம் இயந்திரத்தின்மேல் இருந்துவிடாதா என்னும் நப்பாசையில்தான் அவள் மெக்கானிக்கை வரவழைத்திருந்தாள்.

“டிஸ்க் மாத்த வந்தவன் ஒரு விவரமும் சொல்லாம ஓடிட்டான் தம்பி. இவரும் அன்னைக்கு வெளியே போயிருந்தாரு. சரியான அரைகுறை!”

மெக்கானிக் டீயைக் குடித்து முடித்துத் தலை குனிந்தபடி திருப்புளியைத் தேடினார்.

“ஒருவேளை சாஃப்ட்வேர் லைசென்ஸ் கோளாறோ? டிஸ்க்கை மாத்தினா அது செல்லாதுங்கறாங்களே?” என்றார் கணவர்.

“லைசென்ஸ் டிஸ்க்கில இல்ல சார். கம்பெனிக்காரன் மதர்போர்டைத்தான் அடையாளம் வச்சிருப்பான். டிஸ்க்கு மாறினாலும் போர்டு அதுவேன்னா, ஆளும் அதே ஆளுதான்னு ஒத்துக்குவான்.”

“கம்ப்யூட்டருக்காவது அந்த உத்தரவாதம் இருக்கே! மனுஷனுக்கு இல்லையே!” என்று அவள் கணவரை ஓரக்கண்ணால் பார்த்தாள். “சரி, இரு தம்பி, ஒரு டீ போட்டுக் கொண்டாரேன்.”

“இப்பதானேம்மா குடிச்சேன்?” மெக்கானிக் காலி டம்ளரைக் காட்டினார்.

“எனக்குப்பா, எனக்கு! நான்தான் இன்னொரு டீ கேட்டேன்” என்று கணவர் குறுக்கிட்டார்.

அவர் எப்போது கேட்டார் என்பது அவளுக்குப் பிடிபடவில்லை. ஆயினும் போட்டுக்கொண்டு வந்தாள்.

அதற்குள் மெக்கானிக் பெட்டியைத் திறந்திருந்தார்.

“பாருங்கம்மா, ரெண்டு டிஸ்க்கும் உள்ளேயே இருக்கு. பழசுல இருந்த சிஸ்டம் அச்சு அசலா புதுசுலயும் இருக்கு. காலையில யாரு ஆன் பண்றது?”

“நான்தான். எல்லாத்தையும் எடுத்துக் கையில கொடுத்தாத்தானே இவருக்கு வேலை ஓடும்?”

“ஆன் பண்ணினதும் திரையில ரெண்டு வரி வருமே?”

“வரும். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். கைக்கு வந்ததை அமுக்குவேன்.”

மெக்கானிக் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “மேல் வரி புது டிஸ்க், கீழ் வரி பழசு. நீங்க எதை அமுக்கறீங்களோ, அன்னைக்கு சார் டைப் பண்றது அதுல போய் உக்காந்துக்கும். ஒண்ணுல இருக்கிறது இன்னொண்ணுல தெரியாது.”

கீழ் வரியை அமுக்கிக் காட்டினார். ஏழாம் அத்தியாயம் ஒரு வரி குறையாமல் அங்கே இருந்தது.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாய்ப் பொங்கின.

“அப்போ உங்களுக்கு ஒண்ணுமே இல்லீங்க! டாக்டர் வேண்டாம்னு போன் பண்ணிச் சொல்லிடுங்க.”

“ஒரு எட்டு போயிட்டுத்தான் வருவோமே” என்றார் கணவர்.

“மறதி இருந்தாத்தானே டாக்டர்? டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஊர் நம்பர் பூரா மனப்பாடமா வச்சிருந்தவ நான். எனக்குத் தெரியாதா மறதின்னா என்னன்னு?”

மெக்கானிக் பழைய டிஸ்க்கிலிருந்த பக்கங்களையெல்லாம் புதியதில் சேர்த்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்தார். பழைய டிஸ்க்கைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவள் அந்த மேசைமுன் நிம்மதியாக உட்கார்ந்தாள்.

“உன்னை மாதிரி ஆளு முதல்லயே வந்திருந்தா இத்தனை கூத்து உண்டா? அன்னைக்கு வந்தவன் மட்டும் என் கையில சிக்கட்டும்...”

மெக்கானிக்குக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“அம்மா, அந்த ஆளு நான்தாம்மா. பழசைக் கழட்டாதே, பத்திரத்துக்கு இருக்கட்டும்னு நீங்கதான் சொன்னீங்க. மேல் வரியை மட்டும் அமுக்குங்கன்னு அன்னைக்கே சொன்னேன். போன வாரமும் நீங்க கூப்பிட்டு வந்து, இதே இடத்துல திரும்பவும்...”

“அது வேற வீடா இருக்கும் தம்பி, ஆள் மாத்திப் பேசறே” என்று கணவர் உரக்கச் சிரித்தார்; ஆனால் அவளுக்கு எதிரே இருண்டு கிடந்த திரையிலோ, அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற அவர், உதட்டின்மேல் விரலை வைத்து மெக்கானிக்கிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார்.