மச்சான் பேச்சு

“மச்சான், இது நீ நட்ட கிழங்குதானே? அப்படியே உன் கால் கட்டைவிரல்!”

ஆவி பறக்கும் மரவள்ளிக்கிழங்கைத் தூக்கிப் பிடித்தபடி பதிலுக்குக் காத்திருந்தான் வைசாலே.

எதிரே பாயில் உட்கார்ந்திருந்த எபரமா பதில் சொல்லவில்லை. வாசல் வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எலுமிச்சை இலைத் தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். பிறகு கையை நீட்டி அந்தக் கிழங்கை வாங்கி, பேசாமல் தின்றான்.

வைசாலே குனிந்து அவன் முகத்தை உற்றுப் பார்த்தான்.

எபரமா அவனுடைய தாய்மாமன் மகன். பிஜியில் மாமன் மகனும் அத்தை மகனும் நாலு வார்த்தை மரியாதையாகப் பேசிக்கொண்டால், யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார்கள். ஒருவன் கேலியை எறிந்தால் மற்றவன் திருப்பி எறிய வேண்டும். நடை பழகிய நாளிலிருந்து எபரமா ஒன்றைக்கூட வாங்கி வைத்துக்கொண்டவனில்லை. அவன் கல்யாணத்தன்று, பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே திருப்பி எறிந்தவன்.

போன சனிக்கிழமை ரக்பி ஆட்டத்தில் யாருடைய முழங்காலோ அவன் தலையில் இடித்தது. எழுந்தவன் நேராக எதிரணி வரிசையில் போய் நின்றுகொண்டான். ஊரே சிரித்தது.

சுகாதார நிலையத்து நர்ஸ் சிரிக்கவில்லை. வலி முழுவதும் போகிறவரை ஓய்வு என்றாள். அப்புறம் நடை, அப்புறம் ஓட்டம், அதன்பின் மோதல் இல்லாத பயிற்சி. டாக்டர் பார்த்துச் சரி என்றால்தான் ஆட்டம். எந்தப் படியில் வலி திரும்பினாலும் கீழே இறங்கிவிட வேண்டும்.

எபரமா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினான். ஆட்டும்போதே முகத்தைச் சுளித்தான்.

இன்று இறுதியாட்டம். வலி போய்விட்டது, டாக்டரும் சரியென்றுவிட்டார் என்று அவன் அணியில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

கோச் இலைசா நல்ல மனிதர். மைதானத்து ஓரத்தில் ஒருவனுக்குக் கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, வைசாலேவைத்தான் கேட்டார்.

“ஏண்டா, தினம் இவன்கூடத்தானே சாப்பிடுற? இவன் தலை சரியாயிடுச்சா?”

“இல்ல கோச். இன்னும் வலிக்குது. வெயிலப் பாக்க முடியல அவனால. எறக்காதீங்க.”

அணி முழுதும் வெடித்துச் சிரித்தது.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்தத் தலையைப் பற்றி வாரம் முழுக்க வைசாலே அடிக்காத கேலி இல்லை. தண்ணீர் வற்றிய தேங்காய் என்றான். பாவம், அடிபட்டது அந்த முழங்காலுக்குத்தான் என்றான். போதாததற்கு, எபரமா இறங்காவிட்டால் அந்த இடத்தில் இறங்கப்போகிற மாற்று ஆட்டக்காரனும் அவனேதான்.

“பாருங்கடா, மச்சான் ஜெர்சிக்கு அலையுறான்!” என்று யாரோ கத்தினார்கள்.

எபரமாவும் சிரித்தான். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

வைசாலே புல்லில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். தலை குனிந்தான். உள்ளங்கைகளைக் குழித்து மெதுவாகத் தட்டினான். மன்னிப்புக் கேட்கும்போது, பெண் கேட்கும்போது, ஊர்த் தலைவர் முன்னால் சடங்குப் பானத்துக்கான யங்கோனா வேரை வைத்து வணங்கும்போது அப்படித் தட்டுவார்கள். அந்தத் தட்டலைக் கேட்டு அந்த ஊரில் யாரும் சிரித்ததில்லை.

அன்று சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கோச்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படியொரு கேலியை எந்த மச்சானும் செய்ததில்லை.

விசில் ஊதினார்கள்.

இரண்டாவது இடி பெரியதல்ல. பார்த்தவர்களில் பலருக்கு அது நினைவில்கூட இல்லை. எபரமா எழுந்து, வைசாலே உட்கார்ந்திருந்த ஓரத்தைப் பார்த்து நடந்து வந்தான். பாதி வழியில், களைத்தவன் உட்காருவதுபோல உட்கார்ந்தான்.

சாவு வீட்டில் அழுகிறவர்களைச் சிரிக்க வைப்பது மச்சானுடைய கடமை. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் வைசாலேவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் தலையில் அடிபட்டவனை நர்ஸ் சொன்ன முதல் படியில் ஏற்றுவதற்கு முன்பே, கோச் இலைசா அவனுடைய மச்சானைக் கூப்பிட்டு அனுப்புகிறார்.

“கேலி பண்ணா உடனே திருப்பித் தர்றானா?” என்று கேட்கிறார்.

இல்லை என்றால் பையன் வீட்டுக்குத்தான். படி ஏறத் தொடங்கிய பிறகும் மச்சானைக் கேட்காமல் அடுத்த படி இல்லை. முணுமுணுப்பார்கள், ஆனால் ஒருவரும் சிரிப்பதில்லை.

வைசாலேவுக்கு ஊரில் வேறு மச்சான்மாரும் இருக்கிறார்கள். அவர்கள் எறிவதையெல்லாம் சுடச்சுடத் திருப்பி எறிகிறான், குறை வைப்பதில்லை.

எபரமாவின் கல்லறைக்குப் போனால் மட்டும் களையைப் பிடுங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான். ஒரு வார்த்தை பேசுவதில்லை.

ஒருவனே இரண்டு தடவை எறியக் கூடாது.

இது இன்னும் எபரமாவின் முறை.