இரண்டாவது வெளிச்சம்

“அம்மா, அது உன் கைதானே?” டி.வி. முன்னால் நின்று இளைய மகன் கத்தினான்.

எடுத்த குடும்ப ஃபோட்டோவை டி.வி.யில் போட்டுப் பார்க்கச் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. திரையில் மாமியாரின் இரண்டு விரல்கள் சின்ன மருமகளின் இடுப்பைத் திருகிக்கொண்டிருந்தன, துளி மங்கலும் இல்லாமல் பளிச்சென்று. “உங்கம்மா கிள்றாங்க” என்று அவள் அழுதபோதெல்லாம் நம்பாதவன் அவன்.

“இவ ஈன்னு இளிச்சா. ஃபிளாஷ் அடிச்சு முடிஞ்சதும்தானேடா கிள்ளினேன்? அது எப்படிப் படத்துல வரும்?”

சொன்ன பிறகுதான் மாமியாருக்கு உறைத்தது. கோபம், கேமரா பிடித்த மூத்த மருமகள் மேல் திரும்பியது.

“உனக்குத் துப்பில்ல. ஒரு படத்துக்கு எதுக்குடி ரெண்டு வெளிச்சம்?”

“எனக்கென்ன அத்தை தெரியும்? பட்டனை அழுத்தினேன், அதுவா ரெண்டு தடவை மின்னுச்சு.”

தெரியாமலென்ன. முதல் வெளிச்சம் கண் சிவப்பாக விழாமலிருக்க. படம் பதிவது இரண்டாவதில்தான். கேமராவில் அந்த அமைப்பைத் தேடி வைத்து, ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டு சர்க்கரை டப்பாவைப் படமெடுத்துக் கை ஆடாமல் பழகியிருந்தாள். வெளிச்சம் அணைந்ததும் மாமியாரின் விரல் எங்கே போகும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். சின்னவள் வரும்வரை நான்கு வருடம் அந்த இடத்தில் நின்று சிரித்தவள் அவள்தான்.

அடுத்த மாதம் சின்னவர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். மூத்தவள் அதற்கும் முந்தின வாரமே, புருஷனோடும் கேமராவோடும் போய்விட்டிருந்தாள்.