எரிஞ்சாத்தான் ஆறும்

“கதவைச் சாத்திட்டு கைலியை ஏத்துங்க” என்றாள் தர்ஷிகா.

கார்த்திகன் முனகிக்கொண்டே கட்டிலில் மல்லாந்தான். நாற்பத்தாறு வயதில் தனக்கு இப்படியொரு கோலம் வரும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. இரண்டு மாதமாக விடியற்காலையில் யூத் பார்க்கை எட்டுச் சுற்று ஓடியதில், தொடையோடு தொடை உரசிக் கவட்டில் தோல் உரிந்து செக்கச் செவேலென்று கிடந்தது.

தர்ஷிகா பஞ்சை ஜாதிக்காய்த் தைலத்தில் நனைத்து ஒற்றினாள்.

“ஐயோ! மிளகாய அரைச்சுப் பூசுனாப்ல இருக்குடி!”

“எரிஞ்சாத்தான் ஆறும். அதிராகிட்ட கேட்டுட்டு, பாலிக் புலாவ் வரைக்கும் போய் வாங்கிட்டு வந்திருக்கேன். பல்லைக் கடிச்சுக்குங்க.”

அதிரா, அவன் தங்கை ரஜிதாவுக்கு டயாலிசிஸ் செய்யும் தாதி. நான்கு வருடமாக வாரம் மூன்று நாள் மெஷினில் படுத்து எழுந்து, கல்யாணமாகாத அந்தப் பெண் துரும்பாக இளைத்துவிட்டாள். அண்ணனின் சிறுநீரகம் அவளுக்குப் பொருந்தியது. அண்ணனின் தொப்பைதான் பொருந்தவில்லை. பத்துக் கிலோ குறைத்துவிட்டு வா என்று டாக்டர் விரட்டிவிட்டார்.

ஓடினான். ரொட்டி சானாயை விட்டான், சோற்றையும் பாதியாக்கினான். தங்கைக்காக உயிரையே கொடுப்பான், சந்தேகமில்லை. ஆனால் கவட்டுப் புண்ணைப் பற்றி ஒரு பெண்ணிடம் வாய் திறக்க வெட்கம் பிடுங்கித் தின்றது. அதனால்தான் மனைவியைத் தூது அனுப்பினான்.

“ஒரு வாரம் ஓடாம இருந்தா தானா ஆறிடும் போல இருக்கே தர்ஷி.”

“இன்னும் ரெண்டு கிலோ பாக்கி இருக்குங்க. ரஜிதாவ நெனச்சுக்கிட்டு ஓடுங்க.”

கார்த்திகனுக்குக் கண் கலங்கியது. ஆரம்பத்தில் ஒரே ஒருநாள்தான், “பிள்ளைங்க ரெண்டும் இன்னும் ஸ்கூல் முடிக்கல, உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாங்க எங்க போவோம்?” என்று அழுதாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நாத்தனாருக்காகப் புருஷனை இப்படி அனுப்பி வைக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

பதினெட்டாம் தேதி ஆபரேஷன். பதினாறாம் தேதி தராசில் ஏறி நின்றான். சொன்னதைவிட அரைக் கிலோ அதிகமாகவே குறைந்திருந்தது. டாக்டர் கைகுலுக்கினார். பிறகு படுக்கவைத்துப் பரிசோதித்தவர் முகம் மாறியது.

“சீழ் வச்சிருக்கு. இதோட கத்தி வைக்க முடியாது. என்ன பூசுறீங்க?”

“பவுடர்தான் டாக்டர்” என்றான். கூச்சம் அங்கேயும் அவனை விடவில்லை.

“முழுசா ஆறட்டும். அப்புறம் வேற தேதி பாக்கலாம்.”

வெளியே நாற்காலியில் காத்திருந்த ரஜிதாதான் அவனைத் தேற்றினாள். “பரவால்லண்ணா. இவ்ளோ நாள் இருந்துட்டேன், இன்னும் கொஞ்ச நாள் இருக்க மாட்டேனா?”

இருக்கவில்லை. பத்தொன்பதாவது நாள், மெஷினில் படுத்திருந்தபோதே அவள் இதயம் நின்றுவிட்டது.

பத்து லஞ்சாங்கில் இருக்கும் சுடலைக்குப் போக வண்டி வாசலில் நின்றது. வேலையிலிருந்து சீருடையோடு ஓடி வந்த அதிராவைப் பார்த்ததும் கார்த்திகன் உடைந்துபோனான்.

“நான்தான் அவளக் கொன்னுட்டேன் அதிரா. நீ சொன்ன தைலத்த ஒரு வேளை விடாம பூசினேன். ஆறவே இல்லையே!”

அதிரா விழித்தாள். “தைலமா? நான் எங்கண்ணே தைலம் சொன்னேன்? வாசலின்தான்லா சொன்னேன். தைலத்தக் கிட்டவே கொண்டு போகாதீங்க, புண்ணு வெந்து சீழ் பிடிச்சிரும், ஆபரேஷனே நின்னுபோயிரும்னு அக்காகிட்ட ரெண்டு தடவ சொல்லி அனுப்பினேனே!”

கார்த்திகன் மெல்லத் திரும்பினான். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டிருந்த தர்ஷிகா தட்டைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக அவனிடம் வந்தாள். அவள் முகத்தில் பதற்றமும் இல்லை, கண்ணீரும் இல்லை. சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

“எனக்கு நீங்க முழுசா வேணும்.”